எனக்காக ஏற்றிய மெழுகுவத்தி

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தம்பியும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் மூவரின் வேண்டுதலும். அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுக்கக் குணமாகும்வரை பஸ் ஓட்ட வேண்டாம் என்று டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவருக்கோ கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கியர் மாற்றுகிறார். தம்பி மீசை வளர்க்கிறான், மீசைக்குத்தான் வளர இஷ்டமில்லை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இந்த வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் அன்றைக்கும் ஆஸ்பத்திரியில் டியூட்டி, லீவு கிடைக்காது என்று போன மாதம் போனில் சொன்னாயே, அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, என் பிள்ளை பண்டிகை நாளில் நோயாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு காய்ந்த ரொட்டியைத் தின்னுமே என்று அப்பாவிடம் புலம்பித் தீர்த்தேன். நாலு வருஷமாக இதே புலம்பல்தான்.

போன சனிக்கிழமை நான் தையல் கடையிலிருந்து வந்து, யாரோ ஒருவருடைய காற்சட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டு மடியில் நூலும் வாயில் ஊசியுமாக உட்கார்ந்திருந்தபோது வாசலில் மணி அடித்தது. ஒரு ஒல்லிப் பெண், கையில் பூங்கொத்து. உன்னோடு வேலை பார்க்கிற நர்ஸ், நம் பாஷை பேசுகிறவள், முன்பற்களுக்கு நடுவில் சின்ன இடைவெளி, யாரென்று உனக்குத் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்பப் போவதாகச் சொல்லி உன்னிடமே முகவரி வாங்கிக்கொண்டாளாம், ஏதோ பயிற்சிக்காக இந்த ஊருக்கு வந்தவள் உன்னிடம் சொல்லாமல் நேரிலேயே வந்துவிட்டாள். "அங்கிள் இருக்காங்களா?" என்றாள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். உள்ளே வந்து என் முகத்தையே பார்த்தாள். "நீங்க ஆன்ட்டியோட தங்கச்சியா? ஆன்ட்டி இல்லாத வீட்டை நீங்கதான் பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பூங்கொத்தை என் கையில் கொடுத்து, "இத ஆன்ட்டி படத்துக்கு வைங்க" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது அவள் கண் கலங்கி நின்றாள். நான்தான் உன் அம்மா, குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன் சிட்டு, சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பியதும் உன் முகம் எங்கே போகும் என்ற எண்ணம் குறுக்கே வந்து நின்றுவிட்டது. "ஆமாம்மா, நான் சித்திதான்" என்று சொன்னேன். இல்லாத அக்காவுக்குத் தங்கச்சியாகி, அவளுக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் கதை மாதிரி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் போலந்துக்கார நர்ஸ் வீட்டில் நீங்கள் எல்லோரும் கூடுவீர்களாம், டியூட்டியாவது ஒன்றாவது. மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்புவாளாம், குழந்தை இயேசு தொழுவத்தில் பிறந்த ஞாபகத்துக்கு. மெல்லிய அப்பம் ஒன்றை எல்லோரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிட்டுக்கொண்டு வாழ்த்துச் சொல்வீர்களாம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பண்டத்தைத் தங்கள் கையாலேயே செய்து கொண்டுவர வேண்டும், யாரிடம் கற்றுக்கொண்டது என்றும் சொல்ல வேண்டும். மெக்சிகோக்கார பல் டாக்டர் சோள மாவைச் சோளத் தோகையில் பொதிந்து அவித்துக் கொண்டுவருவாராம், அதை மடிக்க அவர் ஊரில் குடும்பமே வட்டமாக உட்காருமாம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற எத்தியோப்பியாக்காரருக்கு ஜனவரி ஏழாம் தேதிதான் கிறிஸ்துமஸாம், அதுவரை நோன்பு, இறைச்சியும் பாலும் தொடமாட்டார், ஆனாலும் பருப்புக் குழம்போடு வந்து உட்காருவாராம். ஜப்பான்காரப் பெண்ணுக்குச் சமைக்க வராது, அவள் ஊரில் அன்றைக்குப் பொரித்த கோழியை முன்கூட்டியே சொல்லிவைத்துக் கடையில் வாங்குவதுதான் வழக்கமாம், அதனால் அவளுக்கு மட்டும் சலுகை. டென்மார்க் டாக்டரம்மா அரிசிப் பாயசம் மாதிரி ஒன்று செய்து அதில் ஒரே ஒரு முழு பாதாம் பருப்பைப் போடுவாராம், அது கிடைத்தவர் பாயசம் தீரும்வரை யாருக்கும் தெரியாமல் வாயில் அடக்கி வைத்திருந்தால் பரிசு. போன வருஷம் ஜெயித்தது நீதானாம். வாயில் ஒன்றை ஒளித்துக்கொண்டு சிரிக்க உனக்குச் சொல்லியா தர வேண்டும்.

உன் பங்குக்கு நீ கொண்டுபோவது நான் அனுப்புகிற கேக். உலர்ந்த பழங்களை நறுக்கி ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, சர்க்கரையைக் கருக்கி, இந்த ஒழுகும் குழாயடியில் நின்று நான் கழுவித் துடைத்த தகரத்தில் வெந்த கேக். அதை நீயே சுட்டதாகச் சொன்னாயாம். முதல் வருஷம் யாரோ "யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்க, "அம்மா" என்றாயாம், சொல்லும்போது குரல் உடைந்ததாம். "அவங்க இல்லையா?" என்று டாக்டரம்மா கேட்டாராம், நீ தலையாட்டினாயாம். அப்புறம் வருஷா வருஷம் எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறீர்கள். பொய் சொல்வது மனுஷப் புத்திதான், அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வீட்டு ஞாபகத்தில் குரல் உடைந்திருக்கும், கேக் கதை அம்பலமாகிவிடுமோ என்ற பயத்தில் தலை ஆடியிருக்கும், அதுவரை எனக்குப் புரிகிறது. அடுத்த வருஷம் அவர்கள் தீக்குச்சியைக் கிழித்தபோது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா?

போலந்துக்காரர்கள் மேசையில் ஒரு தட்டு அதிகமாக வைப்பார்களாம், எதிர்பாராமல் யார் வந்து கதவைத் தட்டினாலும் பசியோடு திரும்பிப் போகக் கூடாது என்று. அந்தத் தட்டில் நீ கேக் துண்டு ஒன்றை எடுத்து வைப்பாயாம், என் பேரைச் சொல்லி. வரப்போகிற ஆளுக்கான தட்டில் எனக்குப் படையல் போட்டுவிட்டாய். என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறாய், அதுதான் இன்னும் எரிகிறது. உன் அம்மா ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லையாம், பாட்டுப் பாடிக்கொண்டே மாவு கலக்குவாளாம். செத்துப்போன அந்தப் புண்ணியவதி என்னைவிட எவ்வளவோ தேவலை.

அப்பா வந்ததும் சொன்னேன். காலணியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார். "வாய் தவறி வந்திருக்கும், விடு" என்றார். உங்களை மட்டும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறாளே, நீங்கள் ஏன் பேசமாட்டீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து பூங்கொத்தை எடுத்துத் தண்ணீரில் வைத்தார்.

உனக்காகச் சுட்ட கேக்கை பஸ் டிப்போவில் வெட்டிக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் செய்ததுதான், ஒளிக்கவில்லை. அதனால் பார்சலுக்குக் காத்திருக்காதே. செய்முறையை அந்தப் பெண்ணே கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறாள், உனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று இந்த முறை அவளே சுடப் போகிறாளாம். இன்னொன்றும் கேட்டாள். அன்றைக்கு எல்லோரும் மேசையில் உட்கார்ந்ததும் வீடியோவில் என்னைக் கூப்பிடுவாளாம், "சித்தி, ஆன்ட்டியப் பத்தி நாலு வார்த்தை நீங்க பேசணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நான் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருக்கவும் மனசு வரவில்லை, பெற்ற மனசு.

குளிரில் காலுறை போடாமல் திரியாதே, இருமல் வந்தால் நாள் கடத்தாதே. கர்த்தர் உன்னையும் உன் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற அத்தனை பேரையும் குறைவில்லாமல் காக்கட்டும், அவர்கள் நல்லவர்கள், எனக்காக அழுதிருக்கிறார்கள். அன்றைக்கு நான் நல்ல துணியாக உடுத்தி, தலை வாரி, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். நீ சித்தி என்று கூப்பிட்டால் சித்தியாகவே நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போய்விடுவேன். எப்படிக் கூப்பிடப் போகிறாய் என்பதை மட்டும் யோசித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா