மாசாயில் முடக்கத்தான்

அன்புள்ள நாஸியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் சுகந்தானே? உம்மாவின் இருமல் நின்றதா?

போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவாய் என்றுதான் எழுதுகிறேன். இந்த மாசாய்க் கடையில் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்று நின்று போன மாதம் முழங்கால் கொஞ்சம் வீங்கிவிட்டது. பயப்படாதே, கிளினிக்கில் காட்டிவிட்டேன். முதலாளி மீரா சாகிபுதான் என்னைக் கல்லை விட்டு நகர்த்தி, தட்டு கழுவ உட்கார வைத்துவிட்டார்.

அங்கே பின்பக்க வேலியில் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. காயைப் பறித்து நெற்றியில் அடித்தேன், ‘டப்’ என்று வெடித்தது. நம்ம முடக்கத்தான்! மூட்டுவலி என்றால் நீ சுடுவாயே, அந்தத் தோசையைச் சுட்டேன். முற்றிய இலையை அரைத்துவிட்டதால் ஒரே கசப்பு. நீ கொழுந்தாகப் பார்த்துப் பறிப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மறுநாள் கொழுந்தில் சுட்ட மணத்துக்கே முதலாளி வந்துவிட்டார். ஒரு வாய் தின்றதும் இந்த ஊர் மலாய்க்காரர் மாதிரியே வியந்து கத்தினார்:

"அலமாக்! இத்தன நாளா ஏன் சொல்லல? நாளைலேர்ந்து கடையில போடு லா!"

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, கல் மறுபடி என் கையில். முழங்கால் வலிக்காரர்கள் விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மதியத்துக்குள் மாவு காலி!

கோபிக்காதே, யாரிடம் கற்றாய் என்று முதலாளி கேட்டார், உன் பேரைச் சொன்னேன். தோசைக்கு அதையே வைத்துவிட்டார்.

அதற்கு நீ அரைக்கும் துவையலில் என்னென்ன சேர்ப்பாய்? போனில் வேண்டாம், உன் கையால் எழுதி அனுப்பு.

கடை திறந்தாயிற்று, "நாஸியா ரெண்டு!" என்று கத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மாவை ஊற்றுகிறேன்.

உன்
நவ்சாத்