பார்வோன் இல்லயாம், பார்வோ

ஜோசலின் கண்ணு, எழுந்துட்டியா? தலைவலி விட்டுச்சா? பாட்டி சர்ச்சுல பெண்கள் கூட்டத்துக்குப் போறேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு.

நேத்து கத்தினதுக்குக் கோச்சுக்காத. டாக்டர் நம்ம நாய்க்குட்டி பன்னுவுக்கு பார்வோ ஊசின்னாரு. எனக்கு பைபிள்ல வர்ற பார்வோன் ஊசின்னு காதுல விழுந்துச்சு. மோசேயைத் துரத்தின ராஜாவுக்கும் நம்ம பன்னுவுக்கும் என்ன சம்பந்தம்னு முழிச்சேன். நீ சிரிச்சிட்ட, எனக்கு ரோஷம் வந்துடுச்சு.

காலைல டாக்டருக்கு போன் போட்டேன். பார்வோங்கறது நாய்க்குட்டிங்க உயிரையே எடுக்கற வைரஸாம். இன்னும் குழம்பிட்டேன்டி. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி ரத்தத்துல இருக்குமாம். சரி, நல்லதுதானே? ஆனா அதுவே ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாதாம்! அது எப்ப தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறுமாம். அதான் திரும்பத் திரும்ப ஊசியாம். பாலும் நல்லது, ஊசியும் நல்லது, ரெண்டும் ஏன் அடிச்சிக்குதுங்க? உனக்குப் புரிஞ்சா இதுக்குக் கீழயே டைப் பண்ணி வை.

ஒரு ஊசி போட்டாச்சே, செம்பாக்கம் ஏரிக்கு வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்னியே, அது வேணாம்டா. கடைசி ஊசி முடியற வரைக்கும் தெருவுல இறக்கக் கூடாதாம். கீழ் வீட்டு மெஹ்னாஸோட குட்டியும் ஒரு ஊசி போட்டதுதான். போன வாரம் இந்தப் பார்வோ வந்துதான் செத்துப் போயிடுச்சே.

ஐயோ, மறந்துட்டேன். மெஹ்னாஸ் பன்னுவைப் பாக்க வரேன்னா. அவ வீட்லேருந்து கிருமி செருப்புல, துணியில வருமாம். தூக்கக் குடுக்காத, ஜன்னல் வழியா காட்டு. பாவம், அழுவா. நீ வெளிய போய் அவளைக் கட்டிப் புடிச்சுக்கோ. அப்புறமா குளிச்சு துணி மாத்திட்டு பன்னுகிட்ட போ.