கிணற்றில் கலந்த பெட்ரோல்

வல்லம், செஞ்சி வட்டம்

அன்பு மகள் ரஞ்சனிக்கு நைனா எழுதுவது. குஜராத்து வெயிலில் நீ உடம்பு கெடாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு முதல் வேண்டுதல். நாங்கள் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் சித்தப்பா பெரியதம்பிக்குச் சின்னக் காயம் என்று போனில் சொல்லியிருந்தோம். நீ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நிற்கிறவள், பதறிப்போவாய் என்று அம்மா அதற்கு மேல் சொல்ல விடவில்லை.

கிணற்றுத் தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், பம்ப் இன்ஜினிலிருந்து டீசல் ஒழுகியிருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். தண்ணீர் ஏறவில்லை என்று குழாயைப் பார்க்க இறங்கிய சித்தப்பா பாதிப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். குபீரென்று கிணறே எரிந்தது. எரிந்தபடியே ஏறி வந்தவனை ஈரச்சாக்கில் சுற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். வண்டியில் டீசல் இல்லை என்று, நம் நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பங்க்கில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவன் முனகிக்கொண்டிருக்க நான் அங்கே நின்றபோதுதான் உறைத்தது, கிணற்றில் அடித்ததும் இதே பெட்ரோல் வாடைதான். அவர்களுடைய நிலத்தடி டேங்க் கசிகிறது.

விழுப்புரத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்து தண்ணீரை எடுத்துப் போனார். ஹைட்ரோகார்பன் கலந்திருக்கிறது என்றார். அது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிரச்சினை என்றல்லவா நினைத்திருந்தேன். பெட்ரோல், டீசல், அடுப்பு கேஸ், மெழுகு, ரோட்டுத் தார் எல்லாமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரே வம்சமாம், பிளாஸ்டிக் செய்வதும் அதிலிருந்துதானாம், நீ படிக்கும்போது சொன்னது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பெரும்பகுதி தண்ணீரோடு சேராமல் மேலே மிதக்குமாம், கரைகிற கொஞ்சம்தான் விஷமாம், காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. எப்பொழுது சரியாகும் என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க. மாட்டுக்குக்கூட இந்தத் தண்ணிய காட்டாதீங்க" என்றார். பங்க் முதலாளி எங்கள் டேங்க் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். பங்க்கைக் கொஞ்ச நாள் மூடிவிட்டு மறுபடி திறந்துவிட்டார்கள். கடலைச் செடி காய் பிடிக்கும் முன்பே கருகிவிட்டது, சினைமாடு நாள் நிறையாமலே செத்த கன்றைப் போட்டுவிட்டது. குடிக்கக் கேன் தண்ணீர், அந்தக் கேனும் அதே வம்சம். அடுப்பு எரிவதும் அதில்தான், ஆஸ்பத்திரிக்கு நான் வண்டியில் போய்வருவதும் அதில்தான், உனக்குச் சோறு போடுவதும் அதுதான். யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை கண்ணு.

ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து அந்த நிலத்தில் வீடு கட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்த எண்ணத்தை விட்டுவிடு. வாங்குவதற்கும் ஆள் வராது, தண்ணீர் இல்லாமல் நாங்களும் இங்கே எத்தனை காலம் இருப்போமோ. ஆலையில் முகமூடி, கையுறை இல்லாமல் நிற்காதே, அந்த வாடை பழகிவிட்டது என்று அலட்சியமாக இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள்.

மறக்காமல் ஒன்று செய். சித்தப்பாவுக்கு இனி பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு, போகும்போதெல்லாம், "தண்ணி தெளிஞ்சிடுச்சாண்ணா?" என்று கேட்கிறான். நான் தெளிந்துவிட்டது என்றால் நம்ப மாட்டேன் என்கிறான், ரஞ்சனி இதையே படித்தவள், அவள் சொல்லட்டும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுத் தருகிறேன். தெளிந்துவிட்டது என்று சொல்லிவிடு.

உன் நைனா,
பாண்டுரங்கன்