மூன்று சட்டம் தள்ளி இருந்த தேன்

அன்பு மகள் ஸ்கைஸ்தேவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் அவருடைய இடது முழங்கால் நீங்கலாக நலம். அங்கே நீ நலமா என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பாய், போன ஞாயிறும் அதைத்தான் சொன்னாய், அதற்கு முந்தைய ஞாயிறும். அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை, என் தேனீக்களின் கதையைச் சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

போன ஜூனில் பக்கத்து வீட்டு ஜெனோனாஸின் தேன்பெட்டியிலிருந்து கிளம்பிய தேனீக் கூட்டம் நம் ஆப்பிள் மரத்தில் வந்து தொங்கியது, தேனீயை விற்கக் கூடாது என்ற நம் வழக்கப்படி அவர் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார், நான் அதை ஒரு பெட்டியில் குடிவைத்தேன், கூட்டத்தைப் பகிர்ந்தவர்கள் உறவு என்பதால் அன்றிலிருந்து நாங்கள் தேனீச் சம்பந்திகள். இருபது வருடமாக வேலித் தகராறில் முறைத்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது காலையில் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார். அதனால்தான் குளிர்காலம் முழுக்க எனக்குப் பயம். முதல் வருடமே கூட்டத்தைச் சாகவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் மூன்றாம் வாரம் பனி கரைந்தது. அவருடைய தேனீக்கள் வெயிலைக் கண்டதும் வெளியே பறந்து, நான்கு மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் நான் காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்பின்மேல் இறக்கிவிட்டுப் போயின. என் பெட்டியிலிருந்து ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. வாசலில் செத்துக் கிடந்தவற்றைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். "ஒரு தடவை மூடியத் தொறந்துதான் பாரேன்" என்றார் அப்பா. குளிரில் திறக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். உண்மையில் பார்க்கப் பயம், அவ்வளவுதான். நேரே போய் ஜெனோனாஸிடம் எல்லாம் செத்துவிட்டன என்று சொல்லிவிட்டேன். தேனீயை மனிதரைப் போல மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும், சம்பந்தி கூட நிற்க வேண்டும் அல்லவா, அரை மணி நேரத்தில் கறுப்புக் கோட்டும் மண்வெட்டியுமாக வந்து ஆப்பிள் மரத்தடியில் குழி வெட்டினார். அப்பா மெழுகுவர்த்தி ஏற்றினார். பிறகு ஜெனோனாஸ் பெட்டியைத் திறந்து மூடிக்கு அடியில் இருந்த துணியை விலக்கினார். "ஏம்மா சம்பந்தி, உசுரோட இருக்கிறதுக்கா என்னைக் குழி வெட்ட வச்சே? கோட்டெல்லாம் சேறு!" என்று கத்தினார். ஒரு மூலையில், சின்ன முட்டைக்கோஸ் அளவுக்குத் தேனீக்கள் ஒட்டிக் கிடந்தன, கால்களை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டு. ரீங்கரிக்கக்கூடத் தெம்பில்லை.

பெட்டியில் தேன் இல்லாமல் இல்லை, ஸ்கைஸ்தே. உள்ளே வரிசையாகத் தொங்கும் அடை கட்டிய மரச் சட்டங்களில் மூன்று சட்டம் தள்ளி, தொடாத தேன் கனத்துக் கிடந்தது. "குளிர்ல ஒண்ணை ஒண்ணு கட்டிக்கிட்டு நகராதுங்க. அந்தாண்ட தேன் இருக்கும், இந்தாண்ட பட்டினியில செத்துப்போகும்" என்றார் ஜெனோனாஸ். தேன் சட்டத்தை நம் அடுப்பருகே கொஞ்சம் சூடு காட்டி, கத்தியால் கீறி, அவற்றின் பக்கத்திலேயே வைத்து மூடினோம்.

நேற்று வில்லோ மரம் பூத்து, ஸ்வெட்டர் இல்லாமல் நிற்கும்படி வெயில் அடித்தது. நானே தனியாகத் திறந்து பார்த்தேன். ராணி கண்ணில் படவில்லை, ஆனால் மெழுகு அறைகளுக்குள் வெள்ளை நூல் துண்டு போல முட்டைகள், ஓர் அறைக்கு ஒன்று. முட்டை இருந்தால் ராணி இருக்கிறாள். மறுபடி அழுதேன். "செத்தாலும் அழறே, பொழச்சாலும் அழறே" என்கிறார் அப்பா. குழியை வீணாக்காமல் ஜெனோனாஸ் ஒரு செர்ரிக் கன்று நட்டுவிட்டார்.

கண்ணே, உன்னோடு வாழ்ந்த மாரியுஸ் உன்னை விட்டுப் பிரிந்து போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ "நல்லா இருக்கேன்" என்றதும் நானும் சரி என்று போனை வைத்துவிடுகிறேன். இதிலும் எனக்குத் திறந்து பார்க்கப் பயம்தான், என்னை மன்னித்துவிடு. நீ இருக்கும் பெர்கன் ஊரிலேயே யோலாண்டா சித்தி இருக்கிறாள், நவம்பருக்குப் பிறகு நீ அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம். டிராமில் மூன்று நிறுத்தம்.

பார்சலில் உலர்ந்த காளானும் கம்பளிக் காலுறையும் இருக்கின்றன, காளானை ஊறவைத்துச் சமை. நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். வியாழக்கிழமை சித்தி பீட்ரூட் சூப் வைக்கிறாள், உனக்கும் தட்டு வைப்பாள், மறக்காதே. உன்னால் நகர முடியவில்லை என்றால் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை சூப் சட்டியோடு அவளே உன் வீட்டுக்கு வருவாள். கதவை மட்டும் திற.

என்றும் உன்,
அம்மா தாங்குவோலே