கட்டிலோரத்துச் சைக்கிள்

சைக்கிளின் காவலனுக்கு,

இத்தாலியின் இந்தப் பதுவா நகரத்தில் மாணவர்கள் சைக்கிளைத் தெருவில் விட்டால் விடிவதற்குள் போய்விடும் என்று, அதை நான்கு மாடி தூக்கிவந்து கட்டிலோரம் நிறுத்துவாய். கல்லூரி வாசலில் அதற்கு இரண்டு பூட்டு.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் பியெரினா, "குழந்தையோட அப்பா இன்னும் வரலையாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லாம் முடிந்து, குழந்தையின் மூச்சும் அடங்கிய பிறகு வந்து நின்றாய்.

"பூட்டறதுக்கு நல்ல கம்பியே கிடைக்கல. அதான் லேட்டு."

தொட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இன்னொரு சைக்கிள் வாங்கி நிறுத்திக்கொள். நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

பயப்படாதே, உன் சைக்கிள் பத்திரம். கால்வாய்ப் பாலத்துக் கம்பியில் இரண்டு பூட்டும் போட்டிருக்கிறேன். நல்ல கம்பி. சாவிகள் பாலத்துக்குக் கீழே, தண்ணீருக்குள். இனி யாரும் அதை எடுத்துப்போக முடியாது, நீயும்தான்.

இப்படிக்கு,
குழந்தையின் அம்மா