குட்டை என்று விரட்டியதும், பெரியவன் என்று காலை உடைத்ததும்

அனுப்புநர்:
ஆ. ஜமுனா,
க/பெ காலஞ்சென்ற ஆதிநாராயணன்,
பசியாவரம், பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: கால்பந்துப் பயிற்சி மையத்தார் என் மகன் ஹரிஷின் காலை உடைத்தது – அவனுக்குத் தனியாக ஆட்டத் தேர்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இறால், நண்டு விற்றுப் பிழைப்பவள். என் மகன் பதினொரு வயதில் 'நெய்தல் கால்பந்துப் பயிற்சி மையம்' நடத்திய தேர்வுக்குப் போனான். பயிற்சியாளர் திரு. தெய்வசிகாமணி சுவரில் ஒரு கோடு போட்டு, தலை அதற்கு எட்டாத பிள்ளைகளை எல்லாம் ஒதுக்கினார். பந்தைத் தொடக்கூட விடவில்லை. அழுதுகொண்டு நின்ற ஹரிஷைச் சட்டைக் காலரைப் பிடித்து வாசலில் தள்ளினார். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. அன்றைக்கே எனக்குக் கை பரபரத்தது. என் கணவர் தடுத்துவிட்டார்.

2. பதினைந்துக்கு மேல்தான் பையன் வளர்ந்தான். ஒரே வருடத்தில் என் தலைக்கு மேல் போனான். கடந்த மாதம் கோட்டைக்குப்பத்தில் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நடந்த போட்டியில் எங்கள் ஊர் அணிக்கு ஆடி, அந்த மையத்தின் அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தான்.

3. எங்கள் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் அதில் இடம். சென்ற ஆண்டு என் கணவர் கடலில் இறந்தார். எங்கள் வீடு பட்டினி கிடக்கக் கூடாது என்று பெரியவர்கள் மனம் இரங்கி, ஹரிஷையே வளர்ந்த ஆணாக வைத்து அவர் இடத்தைக் கொடுத்தார்கள். மூன்றாவது கோல் விழுந்த பூரிப்பில் என் கொழுந்தன் வேணு, "இன்னாடா பாக்குற, எங்க ஹரிஷ் சின்னப் புள்ள இல்ல. நைனா எடத்துல, பாட்டுல நிக்கிற ஆம்பள" என்று மைதானமே கேட்கக் கத்தினார்.

4. அது போதும் அவர்களுக்கு. பாட்டில் இடம் என்றால் கல்யாணமானவன்தான், அவனை வயதை மறைத்து இறக்கிவிட்டோம் என்று தெய்வசிகாமணி கூச்சல் போட்டார். அவருடைய ஆட்கள் என் மகனைக் கோல் கம்பத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொடிக் கம்பால் வலது முழங்காலுக்குக் கீழே அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை வாயில் மிதித்தார்கள். இரண்டு பல் மணலில் கிடந்தது. "இவனுக்குப் பதினாறுன்னா நான் கைக்கொழந்த" என்று பயிற்சியாளர் சிரித்தார். நான் அவர் தலைமுடியைப் பிடித்துக் கீழே தள்ளிச் செருப்பால் அடித்தேன். அவர் கையைக் கடித்ததும் உண்மை. மறுக்கவில்லை, வருந்தவும் இல்லை.

5. அடித்தவர்கள் மேல் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். தங்களிடம் கேட்பது வேறு. அந்த மையத்தில் அடுத்த மாதம் நடக்கும் தேர்வுதான் அவன் வயதுக்குக் கடைசி. காலோ மாவுக்கட்டில் இருக்கிறது. அன்று சின்னவன் என்றார்கள், ஆடிக் காட்டியதும் பெரியவன் என்றார்கள், கட்டுப் பிரிக்கும்போது வயது தாண்டிவிட்டது என்பார்கள். உடம்பு தாமதமாக வளர்ந்தால் அதற்கு என் பிள்ளை என்ன செய்வான்? வயிறு எரிகிறது ஐயா.

ஆகவே, கால் கூடியதும் ஹரிஷுக்கும், அன்று அந்தக் கோட்டுக்கு எட்டாமல் விரட்டப்பட்ட மற்ற பிள்ளைகளுக்கும், வயதைக் காரணம் காட்டாமல் தாங்களே ஒரு தேர்வு நடத்தித் தர வேண்டுகிறேன். அந்தத் தேர்வு நாளில் மைதானத்தில் காவலுக்குத் தங்கள் அலுவலகத்தார் ஒருவர் நின்றால் போதும். ஒருவரும் வரவில்லை என்றால் நான் நிற்பேன். பிறகு என் மேல் வரும் புகார் மனுவையும் தாங்கள்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.

இடம்: பசியாவரம்
நாள்: 14.06.2025

பணிவோடும் கோபத்தோடும்,
ஆ. ஜமுனா