உங்கள் எட்டுக்குப் பொரித்த ஹெரிங்

என் அன்பு அண்ணை,

உள்ளே நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே காத்திருக்கிறோம். நீங்கள் போய் இன்று எட்டாம் நாள், உங்கள் எட்டுச் செலவு. ரூ பெர்தொனே தெரு வீட்டின் இந்த ஒடுங்கிய நடையில் எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதுதான் கைபேசியை எடுத்து உங்களுக்கு எழுதுகிறேன்.

போனவருக்கு விருப்பமானதைப் படைப்பதுதானே எட்டின் முறை? இங்கே ஆளாளுக்குத் தங்களுக்கு விருப்பமானதைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். சித்தப்பா ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு வந்தார். உங்களுக்கு ஆட்டிறைச்சியே ஆகாது என்று அவருக்கு யார் சொல்வது? நான் வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று வாழையிலை வாங்கக் கீழே இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது வேறு சண்டை வந்திருந்தது.

உங்கள் மகள் அபிரா நேற்று, இந்த ஊரில் நீங்கள் இருபது வருடம் சமைத்த டென்மார்க்காரரின் உணவகத்துக்குப் போய் உங்கள் சாமான்களை எடுத்துவந்தாள். உங்கள் கத்தி, கறுத்துப் புளித்த ரை தானிய மாப் பாண் ஒன்று, நீங்கள் கடைசியாக வினாகிரியும் சீனியும் விட்டு ஊறப்போட்ட ஹெரிங் மீன் ஒரு போத்தல். போத்தலைக் குளிர்பெட்டியில் வைத்தவள் தாயிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணி மணந்து பார்த்தார், கழுவினார், மஞ்சளும் தூளும் பிரட்டிப் பொரித்துவிட்டார்.

“மே நோன், அம்மா! அது அப்பா போட்டது!” என்று பிரெஞ்சும் தமிழுமாக அபிரா குளறினாள்.

“பச்சை மீன் புளிச்சுக் கிடக்குது எண்டெல்லோ நினைச்சன். அதுசரி, அவர் உதைச் சாப்பிடுறவரோ?”

“ஓம். சனிக்கிழமையில நான் அங்கை போனா, குசினியில நிண்டபடியே ரெண்டு பேரும் சாப்பிடுவம். கடிச்சா பல்லுப் பதியிற அளவுக்கு பாணில தடிப்பா பட்டர் பூசுவார். முதல்ல ஹெரிங், பிறகுதான் இறைச்சி எண்டு சொல்லுவார்.”

மீன் போனது அண்ணிக்குப் பெரிதாகப் படவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“இத்தனை வருசமா புட்டும் சொதியும் வச்சுக் குடுத்தனான். உது விருப்பம் எண்டு அவர் எனக்கு ஏன் சொல்லேல்லை?”

எனக்கென்ன தெரியும், அண்ணை? வினாகிரி மணம் அண்ணிக்கு ஒத்துக்கொள்ளாது என்று, வேலையால் வந்ததும் நேரே குளிக்கப் போவீர்களே, அதனாலா? அல்லது அது ஒன்றாவது உங்களுக்கென்று இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டீர்களா? எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒரு கேள்வியை என் தலையில் போட்டுவிட்டா போவது?

அபிரா அழுதபடி இருக்க, அண்ணி எழும்பிப் பாணை வெட்டினார். பட்டரைத் தடிப்பாகப் பூசி, தான் பொரித்த ஹெரிங்கை அதன்மேல் வைத்து, இலையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். ஆட்டிறைச்சியை ஓரத்துக்குத் தள்ளினார். கதவைச் சாத்தியதும் அண்ணிதான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா கதவைத் தட்டித் திறந்துவிட்டார். மிச்சத்தைச் சமையலறையில் நின்று எழுதுகிறேன். படையலில் முதலில் கைவைத்தவர் அண்ணி. அந்தப் பாணை எடுத்து ஒரு கடி கடித்தார், கனநேரம் சப்பினார்.

“புளி காணாது,” என்றார். “அப்பா எவ்வளவு வினாகிரி விடுறவர், பிள்ளை?”

அபிராவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

உணவகத்தில் உங்களோடு நின்றவர்களிடம் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கிறேன். வீடு முழுக்க மணந்தாலும் பரவாயில்லையாம், அவரே சொல்லிவிட்டார். இந்த வீட்டில் இனி ஹெரிங் ஊறும், அண்ணை, அது என் பொறுப்பு. சரியாக வந்திருக்கிறதா என்று யாரிடம் கேட்பது?

உங்கள் கையால் ஒருநாளும் ஹெரிங் சாப்பிட்டறியாத
உங்கடை தம்பி,
குகன்